கையால செஞ்ச 20 கேஜ் ஃபிளின்ட்லாக் ஃபவுலர்: செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ஒன்பது மாசம் ஆச்சு

ஃபவுலர்னா அந்தக் காலத்துல பறவை சுட வெச்சிருந்த நீளத் துப்பாக்கி, ஃபிளின்ட்லாக்னா சக்கிமுக்கி கல்லு தீப்பொறில வெடிக்கிறது. என்னோடது வந்து சேர்ந்தது ஒரு ஆறு இன்ச் பிவிசி பைப்புக்குள்ள. ரெண்டு பக்கமும் மூடி, மூடிக்கு ஸ்க்ரூ, உள்ள ஃபோம் சுத்தி ஆடாம அசையாம இருந்துச்சு. போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவங்க தூண்டில்னே நெனச்சிட்டாங்க. வெளிய எடுத்ததும் நான் முதல்ல பண்ணது அழகு பாக்குறது இல்ல, ராம்ராடை, அதாவது மருந்தை இடிச்சு கெட்டிக்கிற நீளக் குச்சிய, உருவி குழலுக்குள்ள விட்டுப் பாத்தேன். வாய் வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிய சாமியாரே குடுத்தாலும் சரி, உள்ள பழைய லோடு கிடக்கான்னு பாக்காம அடுத்த வேலை செய்யக் கூடாது. ராடு உள்ள போன நீளத்தையும், அதே ராடை வெளிய குழல் மேல வெச்சா டச் ஹோல் (தீ உள்ள போற சின்ன ஓட்டை) வரைக்கும் வர நீளத்தையும் ஒப்பிட்டா போதும். காலிதான். அப்புறம்தான் டிரிகர் கார்ட்ல கட்டியிருந்த சின்ன சீட்டை பாத்தேன், "காலி, நான் செக் பண்ணிட்டேன், நீயும் பண்ணு"ன்னு பென்சில்ல எழுதியிருந்தாரு. அங்கயே ஆளு மேல ஒரு மரியாதை வந்துடுச்சு.

வித்தவர் கடைக்காரர் இல்ல, நம்மள மாதிரி கருமருந்து பைத்தியம். இண்டியானால ஃப்ரெண்ட்ஷிப்னு ஒரு சின்ன ஊரு இருக்கு, 1933ல ஆரம்பிச்ச நேஷனல் மஸில் லோடிங் ரைஃபிள் அசோசியேஷனோட ரேஞ்ச் அங்கதான், செப்டம்பர் ஷூட்டுக்கு போனப்ப பழக்கமானாரு. எழுபது தாண்டினவரு. வீட்டு ஷெட்ல ரெண்டு குளிர்காலம் உக்காந்து தனக்காகவே செஞ்ச துப்பாக்கி, தோள்பட்டை ஆபரேஷனுக்கு அப்புறம் தூக்க முடியலைன்னு விக்கறாரு. 1,850 டாலர். அவரு வேலைய பாத்தா பேரம் பேச வாய் வரல. போஸ்டல் மணி ஆர்டர் அனுப்பினேன், பார்சல் வந்து மூணு நாளைக்குள்ள பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பலாம்னு பேச்சு.

சட்டம் பத்தி கேக்குறவங்களுக்கு: கருமருந்துல ஓடுற, காட்ரிஜ் போட முடியாத மஸில்லோடர் (இந்த மாதிரி வாய் வழியா கெட்டிக்கிற துப்பாக்கி) நேத்து செஞ்சதா இருந்தாலும் அமெரிக்காவோட 1968 கன் கன்ட்ரோல் ஆக்ட்ல ஆன்டிக், அதாவது பழம்பொருள் கணக்குல வருது, அதனால மத்திய சட்டப்படி லைசென்ஸ் டீலர் நடுவுல தேவையில்ல, நேரா வீட்டுக்கே வரும். ஆனா ஸ்டேட் சட்டம் தனி, நியூ ஜெர்சி மாதிரி இடத்துல கதையே வேற, வாங்குறதுக்கு முன்னாடி பாத்துக்குங்க.

இப்ப சரக்குக்கு வரேன். 20 கேஜ், அதாவது ஒரு பவுண்டு ஈயத்துல 20 குண்டு வர அளவு, சுமார் .615 இன்ச். கொலரெய்ன் கம்பெனி குழல், 42 இன்ச், கீழ எட்டுப் பட்டை, மேல போகப் போக உருண்டை. உள்ள மழமழன்னு இருக்கும், ரைஃபிளிங் கிடையாது, அதனால ஒரு நாள் ஈயக் குண்டு, மறு நாள் பொடி ரவைக் குண்டுன்னு ரெண்டும் போடலாம், இதுக்காகத்தானே ஸ்மூத்போர் வாங்குறதே. கட்டை கர்லி மேப்பிள், வரி ஓடுற மேப்பிள் மரம். வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சா புலி வரி மாதிரி கோடு ஓடும், கொஞ்சம் திருப்புனா அதே கோடு இடம் மாறும்.

ஒரு நாள் சாயங்காலம் லாக்கை, அதாவது பக்கத்துல இருக்குற தீ மூட்டுற பொறிய, கழட்டிப் பாத்தேன். உள்ள குழிச்ச இடம் அந்த லாக்குக்குன்னே அச்சு வார்த்த மாதிரி இருக்கு, ஸ்ப்ரிங்குக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு தோண்டியிருக்காரு, ஒரு நூல் கூட அதிகம் இல்ல. மூலைல மட்டும் கொஞ்சம் கருப்பு ஒட்டிட்டு இருந்துச்சு, அழுக்குன்னு தொடச்சேன், போகல. அது மை, இரும்புல தடவி கட்டைல வெச்சு அழுத்தி எங்க இடிக்குதுன்னு பாத்துப் பாத்து உளியால சீவுறதுக்கு போடறது. அந்த மூலைய அவரு அப்படியே விட்டிருக்காரு, நானும் விட்டுட்டேன்.

லாக் சேம்பர்ஸ் கம்பெனியோடது. குதிரைய (கல்லை கவ்வியிருக்குற சுத்தியல்) இழுத்து விட்டா தீப்பொறி கொத்தா பான்ல, அதாவது பத்த வைக்கிற மருந்து போடற சின்னக் கிண்ணத்துல, கொட்டும். முதல் சக்கிமுக்கி கல்லு நாப்பது சொச்சம் ஷாட் தாங்குச்சு, நடுவுல ரெண்டு தடவை விளிம்பை தட்டி கூராக்குனதோட சரி. ஒரே ஒரு நாள் புழுக்கத்துல, பான்ல மட்டும் புஸ்ஸுனு பத்தி புஸ்வாணம் ஆச்சு, உள்ள எடுக்கல. டச் ஹோல்ல கரி அடைச்சிருந்துச்சு, கம்பி விட்டு குத்துனதும் சரியாயிடுச்சு, அது என் சோம்பேறித்தனம், துப்பாக்கி மேல பழி இல்ல. கருமருந்து கரி ஈரத்தை உறிஞ்சும், அன்னிக்கே வெந்நீர் ஊத்தி கழுவலைன்னா மறுநாள் துருதான். கருமருந்துக்கு பதிலா விக்கிற பைரோடெக்ஸ் ஊத்தலாமான்னு கேக்காதீங்க, ஃபிளின்ட்லாக்குக்கு அசல் கருமருந்துதான்.

இனிமே குறை. முன்பக்கம் கட்டைல வெடிச்சு ஒட்டுன ஒரு இடம் இருக்கு, அதை அவரே பக்கத்துல காசு வெச்சு போட்டோ எடுத்து முன்னாடியே அனுப்பிட்டாரு, அதுல எனக்கு வருத்தமில்ல. அவரு சொல்லாம விட்டது லெங்த் ஆஃப் புல், அதாவது டிரிகர்ல இருந்து கட்டையோட பின் முனை வரைக்கும் உள்ள நீளம். குழல் நீளம், எடை, கல்லு சைஸ் எல்லாம் சொன்னாரு, இதை சொல்லல, நானும் கேக்கல. பதினாலரை இன்ச்! அவரு ஆறடி ஒரு இன்ச், நான் அஞ்சடி அஞ்சு. அவரு அளவுக்கு தெச்ச சட்டைய நான் காசு குடுத்து வாங்கி மாட்டிக்கிட்டேன்.

சட்டை லூசா இருந்தா மடிச்சு விட்டுக்கலாம், இதுல முடியாது, ஏன்னா ஃபவுலர்ல குறி பாக்குற பின் சைட்டே கிடையாது, குழல் முனைல சின்ன பித்தளை பீட் (மணி மாதிரி ஒரு முன் சைட்) மட்டும்தான், பின் சைட் நம்ம கண்ணுதான். கன்னம் கட்டைல எங்க உக்காருதோ அதுதான் குறி. எனக்கு நீளம் அதிகமானதால கன்னம் பின்னாடி, கட்டை சரியுற இடத்துல போய் உக்காருது, கண்ணு கீழ எறங்கிடுது, குழலோட பின்முனை பீட்டை மறைக்குது, பீட்டை பாக்கணும்னு நானே தெரியாம தலைய தூக்குறேன், குண்டு மேல போகுது. ஒரு மாசம் மருந்தை மாத்தினேன், குண்டை சுத்தி வைக்கிற பேட்ச் துணிய மாத்தினேன், மருந்து அளவை 60 கிரெய்ன்ல இருந்து 75 வரைக்கும் ஏத்தி எறக்கினேன், கடைசில நண்பன் பக்கத்துல நின்னு வீடியோ எடுத்துக் காட்டுனப்பதான் ஒவ்வொரு ஷாட்டுக்கும் நான் கோழி மாதிரி கழுத்தை நீட்டுறது தெரிஞ்சுது. குளிருக்கு தடி ஜாக்கெட் போட்ட நாள்ல இன்னும் மோசம்.

மூணு நாள் கெடு எப்பவோ முடிஞ்சிருச்சு, இருந்தாலும் போன் பண்ணேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "என் கை அளவு எனக்கு ஒரு அளவாவே தோணல, சொல்லியிருக்கணும்"னாரு. குழலையே லேசா வளைச்சு குறிக்கு கொண்டு வரலாம், பழைய ஆளுங்க அப்படித்தான் பண்ணுவாங்கன்னாரு, எனக்கு தைரியம் வரல. கட்டைய குறைக்கலாம்னு முடிவாச்சு. பின்னாடி, தோள்ல படற முனைல பித்தளை பட் பிளேட் இருக்கறதால சும்மா ரம்பத்தால அறுத்துட முடியாது, வளைவுக்கு ஏத்த மாதிரி மறுபடி குழிச்சு உக்கார வைக்கணும். நாலு மணி நேரம் கார் ஓட்டி அவர் ஷெட்டுக்கே போனேன். ஒரு இன்ச் எடுத்தாரு. தோள் வலிக்கு நடுவுல சாயங்காலம் வரைக்கும் அந்த மையை தடவி, வெச்சு, எடுத்து, சீவி, திரும்ப வெச்சுன்னு போச்சு, காசு வாங்க மாட்டேன்னுட்டாரு.

இப்ப 25 கெஜத்துல அஞ்சு குண்டு மூணு இன்ச்சுக்குள்ள விழுது. 50 கெஜத்துல பேப்பர் பிளேட்டை விட்டு வெளிய போறதில்ல, ஸ்மூத்போருக்கு அதுவே நான் எதிர்பாத்ததுக்கு மேல. அஞ்சுக்கு நாலரை குடுக்கறேன், குறைச்ச அந்த அரை, கேக்காம வாங்குன எனக்கும் சேர்த்துதான். இந்த மாதிரி கைவேலை துப்பாக்கி விக்கறவங்க, கட்டை நீளத்தை முதல் வரிலயே போடுங்க சாமி.

தலைய தூக்குறது நின்னதும் இப்ப குண்டு ரெண்டு இன்ச் கீழ போகுது, அதுக்கு பீட்டை அரம் வெச்சு ராவணும். ராவுனதை திருப்பி ஒட்ட முடியாது, அதனால ரேஞ்சுக்கு போற அன்னிக்கு நாலு இழுப்பு, அஞ்சு ஷாட், அதோட அரத்தை பைக்குள்ள போட்டுடறேன்.