ஆற்றுக்கல் என்று ஊரியை விற்கிறார்கள்: வன்னியில் மீன் தொட்டி வைப்பவர்கள் கவனிக்கவும்

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் மீன் தொட்டி வைத்திருப்பவர்களும் புதிதாக வைக்கப் போகிறவர்களும் இதை ஒருக்கா வாசித்துவிடுங்கள். தொட்டியின் அடியில் போடுவதற்கென்று எனக்கு "ஆத்துக்கல்" என்று சொல்லி ஒரு வெள்ளைக் கல் பையை விற்றார்கள். அது ஆற்றுக்கல் இல்லை. முக்கால்வாசி ஊரி, அதாவது கடற்கரையில் ஒதுங்கும் சின்னச் சங்கு ஓடுகள்; மிச்சம் உடைந்த சிப்பியும் பவளத் துகளும். அது மட்டும் என்றால் பை நட்டத்தோடு போயிருக்கும். அந்தக் கல்லால் வந்த கோளாறுக்கு மருந்து என்று போத்தல் போத்தலாக இன்னொன்றையும் விற்றார்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

கடையில் நான் தெளிவாகத்தான் கேட்டேன்: நியோன் ரெட்ரா விடப் போகிறேன், தண்ணீரின் தன்மையை மாற்றாத கல் வேண்டும் என்று. நியோன் அமேசன் பக்கத்து மீன். அங்கே அது வாழும் ஓடைகளில் தண்ணீர் மென்னீர் (சுண்ணாம்பு குறைந்தது), புளிப்புப் பக்கம் சாய்ந்தது. "இது ஒண்டும் செய்யாது தங்கச்சி, நல்லா அரிச்சுக் கழுவின ஆத்துக்கல்" என்றார் முதலாளி.

எங்கள் கிணற்றுத் தண்ணீரின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே போனால் புளிப்பு) 7.2, காபனேற்று வன்மை (கரைந்திருக்கும் காபனேற்று வகைகளின் அளவு) 5 பாகை. கல் போட்ட தொட்டியில் கொஞ்ச நாளில் பிஎச் 8.2க்கு ஏறியது, வன்மை 11 பாகைக்குப் போனது. மீன்களின் நீலக்கோடு மங்கி, எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. திரும்பக் கடைக்குப் போனேன். "வன்னித் தண்ணியே அப்பிடித்தான் தங்கச்சி, உங்கட கேத்திலைப் பாருங்கோ, எவ்வளவு சுண்ணாம்பு" என்றார்.

இந்தப் பேச்சு இங்கே நன்றாக எடுபடும். பூநகரி, முழங்காவில் தொடங்கி மன்னார் வரை மேற்குப் பக்கத்தில் நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல்தான். வவுனியாப் பக்கம் கருங்கற்பாறை என்றாலும் எத்தனையோ கிணறுகளில் தண்ணீர் வன்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கிணற்றுத் தண்ணீரில், கல்லே போடாத ஒரு தொட்டியில் கப்பி மீன் வளர்க்கிறேன். அதில் பிஎச் 7.2ஐ விட்டு அசையவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. பிஎச் குறைக்கும் திரவத்தைக் கையில் தந்தார்.

அந்தத் திரவம் ஒரு அமிலம். ஊரியும் சிப்பியும் பவளமும் கல்சியம் காபனேற்று, சுண்ணக்கல்லில் இருக்கும் அதே பொருள். மீன் விடும் மூச்சிலிருந்தும் அழுகும் தீனியிலிருந்தும் வரும் காபனீரொட்சைட்டே அதை மெல்ல மெல்லக் கரைக்கும். கரைகிற கல்சியம் தண்ணீரின் மொத்த வன்மையை ஏற்றும். கூடவே வரும் இருகாபனேற்று காபனேற்று வன்மையையும் பிஎச்சையும் ஏற்றும். பிஎச் 8.2, 8.3 அளவுக்கு வந்த பிறகுதான் கரைவது தணியும். அந்த நிலையில் அமிலம் ஊற்றினால் என்ன ஆகும்? பிஎச் சட்டென்று விழும், முதலாளி சொன்னது உண்மைதான் என்று மனம் ஆறும். ஆனால் புளிப்பான தண்ணீர் கல்லை இன்னும் வேகமாகக் கரைக்கிறது, காபனீரொட்சைட்டு காற்றோடு போகிறது, பிஎச் பழைய இடத்துக்கே ஏறி நிற்கிறது. இந்த முறை தண்ணீரில் முன்பிருந்ததைவிடக் கூடுதல் கல்சியம். போத்தல் முடிந்ததும் அடுத்த போத்தல். உயர்ந்த பிஎச்சைக்கூட மெதுவாகப் பழக்கினால் தாங்கும் மீன்கள் உண்டு. இப்படி ஏறி இறங்குவதைத் தாங்குவது கடினம்.

அதோடு மீன் கழிவிலிருந்தும் அழுகும் தீனியிலிருந்தும் வரும் அமோனியா. மொத்த அமோனியாவில் நஞ்சான வடிவம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச்சும் சூடும். எங்கள் ஊர் 28 பாகைத் தண்ணீரில், பிஎச் 7இல் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 8இல் ஆறு, ஏழு பங்கு. அதே தொட்டி, அதே தீனி, நஞ்சு மட்டும் பத்து மடங்குக்குக் கிட்ட. என் நியோன்களில் பாதிக்கு மேல் செத்துப்போயின. சின்ன மீன்தானே என்று யாரும் சொல்ல வேண்டாம், அவையும் உயிர்.

பிறகு ஒரு போத்தலில் மழைத் தண்ணீரும் அந்தக் கல்லில் ஒரு பிடியும் போட்டு வைத்தேன். வன்மையே இல்லாத தண்ணீர் அது. சில நாளில் பிஎச் 8ஐத் தாண்டியது, வன்மையும் தெரிந்தது. இதில் கிணற்றைக் குற்றம் சொல்ல முடியாது. கல்லில் விநாகிரி விட்டால் சோடாப் போல நுரைத்தது. கடையில், அவருக்கு முன்னாலேயே விட்டுக் காட்டினேன். "அது தூசு தங்கச்சி" என்றார். சுண்ணாம்பு இல்லாத தூசு விநாகிரியில் நுரைக்காது. பை உடைத்த பிறகு காசு திருப்பித் தர ஏலாது என்றும் சொல்லிவிட்டார்.

ஊரிக்கல் கெட்ட பொருள் இல்லை. மொலி மீன் வளர்ப்பவர்களுக்கும், ஆபிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட் மீன் வளர்ப்பவர்களுக்கும் அது தேவையான பொருள்தான். அதை ஊரி என்று சொல்லி விற்கட்டும், வேண்டியவர் வாங்குவார்.

வாங்கப் போகும்போது சின்னப் போத்தலில் விநாகிரி கொண்டு போங்கள். காய்ந்த கல்லில் சில துளி விட்டு உற்றுப் பாருங்கள். மாபிள் துண்டும் நுரைக்கும், அதுவும் இதே இனம்தான். டொலமைற் போன்ற சில கற்களில் நுரை மிக மெதுவாக வரும், ஆகவே நுரைக்காவிட்டாலும் ஒரு பிடியை மழைத் தண்ணீரில் ஊறவைத்து அளந்த பிறகு தொட்டியில் போடுவது நல்லது. ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் பிஎச் குறைக்கும் திரவத்தை நிறுத்துங்கள். கல்லைப் பகுதி பகுதியாக எடுங்கள், தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் மிஞ்சிய மீனும் போய்விடும்.

எனக்குத் தந்த பற்றுச்சீட்டில் "கல்" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. நீங்கள் "சுண்ணாம்பு இல்லாத ஆற்றுக்கல்" என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் பையைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். எழுதித் தந்தும் ஏமாற்றினால் நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம், கையில் அந்தச் சீட்டு இருக்கும்.