எங்கள் ஊர்க் குடும்ப நல ஆலோசனை முகாம்: சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

கும்பகோணத்துக்கு அருகே, அரசலாற்றுப் பாசனத்தில் உள்ள எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில், ஜூலை 11 உலக மக்கள்தொகை நாளையொட்டி நடந்த குடும்ப நல ஆலோசனை முகாமுக்கு, கைக்குழந்தைக்காரியான என் மருமகளுடன் சென்றிருந்தேன். இலவசச் சேவைதானே என்று குறை நிறைகளைப் பேசாமல் விடுவது வழக்கம். ஆனால் 1952 முதல் அரசு நடத்திவரும் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை, அதைப் பயன்படுத்துகிறவர்கள்தாம் மதிப்பிட வேண்டும்.

முகாமின் பலம் கிராம சுகாதாரச் செவிலியர். சுவரில் சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற வாசகமும் பார்த்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு லூப், மாத்திரை, ஆபரேஷன் என்ற பெயர்கள் தெரியுமே தவிர, எதையும் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்ததில்லை. இவர் ஓர் எவர்சில்வர் தட்டில் எல்லாவற்றையும் பரப்பிவைத்து, கர்ப்பப்பைக்குள் பொருத்தும் காப்பர் டியைக் கைமாற்றிப் பார்க்கக் கொடுத்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு பெண், "இதுதான் நெஞ்சுக்கு ஏறிடும்னு சொல்றாங்களா நர்ஸம்மா?" என்று கேட்டார். செவிலியர் சிரிக்காமல், கர்ப்பப்பை மாதிரியை எடுத்து, அது எங்கே உட்காருகிறது, நெஞ்சுக்குப் போக ஏன் வழியே இல்லை என்று காட்டினார். ஐந்தாண்டுக்கு ஒன்று, பத்தாண்டுக்கு ஒன்று என இரு வகை உண்டு என்பதும், பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே பொருத்திக்கொள்ளலாம் என்பதும் அங்கிருந்த பலருக்குப் புதுச் செய்தி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியைப் பற்றிச் சொன்னபோது, மாதவிடாய் தாறுமாறாகலாம், நின்றும் போகலாம், ஊசியை நிறுத்திய பின் கரு தங்கச் சில மாதங்கள் ஆகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையை முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை விழுங்க வேண்டும் என்று நாள் குறித்த அட்டையுடன் விளக்கினார். பக்க விளைவை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பயந்து பாதியில் விடுகிறவர்கள் குறைவார்கள். பிறகு மாமியார்களை மட்டும் வெளியே வேப்பமர நிழலில் உட்காரச் சொன்னார். முகம் சுளித்தவர்கள் உண்டு. என் மருமகள் வாய் திறந்து கேட்டது அதற்குப் பிறகுதான் என்பதால் எனக்கு அதில் குறையில்லை.

குறை ஏற்பாட்டில்தான் இருக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படும் ஆண்டுகளில், ஜூலை இரண்டாம் வாரம் குறுவை நடவும் களையெடுப்பும் மும்முரமாக நடக்கும் காலம். கூலிக்குப் போகும் பெண்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருவார்களா? விளம்பர ஆட்டோ தார்ச்சாலையோடு திரும்பிவிட்டதால், வாய்க்காலுக்கு அப்பால் உள்ள காலனித் தெருவுக்குச் செய்தியே போகவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத கதைதான் இதிலும்.

ஆண்கள் ஒருவரும் வரவில்லை. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் அது ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனான தையலில்லாத வாசெக்டமி சில நிமிட வேலை; அன்றே வீடு திரும்பலாம், ஒரு வாரத்தில் மண்வெட்டி பிடிக்கலாம், மூன்று மாதம் மட்டும் வேறு பாதுகாப்பு வேண்டும். இத்தனையும் அந்த அறையில் பெண்களுக்குத்தான் சொல்லப்பட்டது. ஆண்களுக்கான கருத்தடைச் சிறப்பு இருவாரமோ நவம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழையில் வயல்நீரை வடியவைக்கும் நாட்களில் வருகிறது.

சம்பா அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவியலுக்குக் காவலாக நாள்கணக்கில் காத்துக்கிடக்கும் ஆண்களிடம் அந்த எவர்சில்வர் தட்டை ஒரு பிற்பகல் கொண்டுபோக வேண்டும் என்று செவிலியரிடம் சொல்லியிருக்கிறேன். துணைக்கு ஓர் ஆண் சுகாதார ஆய்வாளர் வந்தால் தனக்குச் சம்மதம் என்றார்.