ஓவியர் குழுமம் நடத்த டிஸ்கோர்ஸ்: ஒரு மதிப்புரை

பொழுதுபோக்காகக் கணினியிலும் டேப்லட்டிலும் ஓவியம் வரைபவர்களுக்கென ஒரு குழும இணையதளம் தொடங்க நினைப்பவர்களுக்கு, இன்று கிடைக்கும் மென்பொருள்களில் இணைய விவாத மன்றம் நடத்த உதவும் டிஸ்கோர்ஸையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ஏறத்தாழ இதே பெயரில் ஒலிக்கும் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி வேறு. இங்கே பேசப்படுவது அதுவன்று. எங்கள் சிறிய ஓவியர் வட்டம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து டிஸ்கோர்ஸுக்கு மாறியபோது உடனிருந்து, இன்றும் நண்பர்களுடன் சேர்ந்து அதன் நிர்வாகத்தைக் கவனித்துவரும் அனுபவத்தில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நிறுவியவுடன் இருக்கும் நிலையில் இந்த மென்பொருள் எழுத்துக்காரர்களுக்கு ஏற்றதாகவே இருக்கிறது; ஓவியர்களுக்கு ஏற்றதாக அதை மாற்றும் வேலையை நிர்வாகிதான் செய்தாக வேண்டும். அந்த வேலை என்னவென்பதைத்தான் இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அரட்டைக் குழுக்களை ஏன் விட வேண்டும் என்ற கேள்வி எழலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டே போய்ச் சேர்கிறது. நுண்ணிய தூரிகைத் தடங்களைப் பற்றி அங்கே பேசவே முடியாது. டிஸ்கார்ட் அதைவிட மேலானதுதான் என்றாலும், அதற்குள் நடக்கும் உரையாடல்கள் கூகுள் தேடலில் கிடைப்பதில்லை. காலையில் ஒருவர் இட்ட ஓவியத்துக்கு மற்றொருவர் அக்கறையோடு எழுதிய விமர்சனம் மாலைக்குள் நூறு செய்திகளுக்கு மேலே போய்விடுகிறது. கற்றுக்கொள்ளும் ஓவியருக்குத் தன் பழைய படங்களையும், அவற்றைப் பற்றி மற்றவர்கள் சொன்னவற்றையும் திரும்பிப் பார்க்க முடிவது மிகவும் தேவையானது. அதை நிறைவாகத் தருவது டிஸ்கோர்ஸின் முதல் சிறப்பு. ஒருவர் தனக்கென ஒரு ஸ்கெட்ச்புக் இழையை (ஒரே தலைப்பின் கீழ் தொடரும் பதிவுகளின் வரிசையை)த் தொடங்கி, வரைந்தவற்றையெல்லாம் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் சேர்த்துக்கொண்டே போகலாம். புதிதாக வருபவர் அந்த இழையின் முதல் பதிவிலிருந்து படித்துவந்தாலே ஒரு கை எப்படிப் பழகியது என்பதைக் கண்கூடாகக் காண்பார்.

நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை நிறுவிய இருவரில் ஒருவரான ஜெஃப் அட்வுட், ராபின் வார்ட், சாம் சாஃப்ரன் ஆகியோருடன் சேர்ந்து 2013இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் இது. ஓவியத்துறையில் இதற்கு இரண்டு பெரிய சான்றுகள் இருக்கின்றன. கிருதா ஓவிய மென்பொருளின் பயனர்கள் கூடும் கிருதா ஆர்ட்டிஸ்ட்ஸ் தளம் இதில்தான் இயங்குகிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளின் பயனர்களுக்காக நெடுங்காலமாக இயங்கிவரும் பிளெண்டர் ஆர்ட்டிஸ்ட்ஸ் தளமும் 2018இல் பழைய மென்பொருளை விட்டு இதற்கு மாறியது. தொடங்க நினைப்பவர்கள் கிருதா ஆர்ட்டிஸ்ட்ஸ் தளத்தில் உறுப்பினராகச் சேர்ந்து சில வாரங்கள் இருந்து பார்ப்பது நல்லது. மாதந்தோறும் நடக்கும் ஓவியச் சவால், உறுப்பினர்களே முன்மொழிந்து தேர்ந்தெடுக்கும் படங்களை முகப்பின் தலைப்பகுதியில் வைக்கும் வழக்கம் ஆகிய இரண்டும் எந்தச் சிறு குழுமமும் பின்பற்றத் தக்கவை. இதற்கு வேண்டிய வாக்கெடுப்பு வசதி மென்பொருளிலேயே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த அம்சம், பலர் எரிச்சலோடு பார்க்கும் ஒரு கட்டுப்பாடுதான். டிஸ்கோர்ஸில் ஒரு பதிவு குறைந்தது 20 எழுத்துகளாவது இருக்க வேண்டும் என்பது இயல்புநிலை விதி. 'அருமை', 'சூப்பர்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் மென்பொருள் ஏற்காது. வெறும் பாராட்டுக்கென்று விருப்பக்குறி தனியே இருக்கிறது. சொல்லால் பாராட்ட விரும்புபவர், படத்தில் எது தன்னை ஈர்த்தது என்று ஒரு வரியாவது எழுதியாக வேண்டும். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, தோள்பட்டையின் அளவு சரியா, பின்னணி நிறம் முகத்தை மங்கச் செய்கிறதா என்றெல்லாம் எங்கள் வட்டத்தில் பேச்சு வளர்ந்ததற்கு இந்த எளிய விதி பெரிதும் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சில நிர்வாகிகள் உறுப்பினர்களின் முணுமுணுப்புக்கு அஞ்சி இந்த எண்ணைக் குறைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது நம்பிக்கை நிலைகள். சுழியம் முதல் நான்கு வரை ஐந்து நிலைகளில் உறுப்பினர்களின் உரிமைகள் படிப்படியாக விரிகின்றன. புதியவர் ஐந்து இழைகளைத் திறந்து, 30 பதிவுகளைப் படித்து, பத்து நிமிடம் தளத்தில் செலவிட்டாலே முதல் நிலைக்கு உயர்ந்துவிடுவார். இரண்டாம் நிலைக்கு 15 வெவ்வேறு நாள்களில் வந்திருக்க வேண்டும் என்பது உட்படச் சில நிபந்தனைகள் உண்டு. விளம்பரக் குப்பையைத் தடுப்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை வேறெந்த மென்பொருளிலும் நான் கண்டதில்லை. ஆனால் மூன்றாம் நிலையின் அளவுகோல் பொழுதுபோக்கு ஓவியர்களுக்குப் பொருந்தாது. கடந்த 100 நாள்களில் பாதி நாள்களாவது வந்திருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. அலுவலகம், பிள்ளைகளின் தேர்வு, வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் இடையே மாதம் ஒரு படத்தை முடித்துக் கொண்டுவந்து போடும் ஒருவர், வட்டத்தின் மிக மதிப்புக்குரிய உறுப்பினராக இருந்தும் அந்த நிலையை ஒருபோதும் எட்டமாட்டார். இந்த எண்களை நிர்வாகப் பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம். தகுதியானவரை நிர்வாகியே உயர்த்தி, அந்த நிலையில் நிலைநிறுத்தவும் செய்யலாம்.

படங்களைக் கையாளும் முறைதான் இந்த மென்பொருளின் பலவீனமான பகுதி. ஓவியர் குழுமத்துக்கு உயிரே படம் என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவதாக, பெரிய படங்களைப் பதிவேற்றும்போது, அவை சேவையகத்தை எட்டுவதற்கு முன்பே, உறுப்பினரின் உலாவியிலேயே சுருக்கும் வசதி இயல்பாக இயங்கிக்கொண்டிருக்கிறது. 1920 பிக்சலுக்கு மேல் அகலமுள்ள படம் அந்த அளவுக்குக் குறுக்கப்படுகிறது. ஊர்ப் பயணத்தின் புகைப்படங்களுக்கு இது நல்ல ஏற்பாடாக இருக்கலாம். நான்காயிரம் பிக்சல் அகலத்தில் மயிரிழை மயிரிழையாக வரைந்த ஓவியருக்கோ, தன் படம் ஏன் மழுங்கித் தெரிகிறது என்பதே புரியாது. தளம் தொடங்கும் முதல் நாளிலேயே இந்த வசதியை நிறுத்திவிட்டு, கோப்பு அளவுக்கான உச்சவரம்பைச் சேவையகத்தின் கொள்ளளவுக்கு ஏற்ப உயர்த்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, பதிவுக்குள் படம் தெரியும் சட்டத்தின் இயல்பான அளவு 690 பிக்சல் அகலமும் 500 பிக்சல் உயரமும் ஆகும். கிடைமட்டமான நிலக்காட்சிக்கு இது போதும். நெடுக்காக நிற்கும் உருவ ஓவியமும் சித்திரக்கதைப் பக்கமும் இந்த உயரத்துக்குள் அடங்கிச் சிறுத்துவிடுகின்றன. தொட்டால் முழு அளவில் திறக்கும் என்றாலும், தொடாமலே கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் உயர வரம்பைக் கூட்டிய பிறகுதான் சித்திரக்கதை வரைபவர்கள் தங்கள் பக்கங்களை முறையாக இடத் தொடங்கினார்கள்.

மூன்றாவதாக, புதிய உறுப்பினர் ஒரு பதிவில் ஒரே ஒரு படத்தை மட்டுமே இட முடியும். ஒரு படத்தின் வளர்ச்சிப் படிகளை வரிசையாகக் காட்ட வந்த புதியவர் முதல் நாளிலேயே மனம் சலித்துப் போவதற்கு இது போதும். படங்களின் எண்ணிக்கையை நான்கு அல்லது ஐந்தாக உயர்த்திவிட்டு, இணைப்புகளுக்கான வரம்பை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. குப்பைப் பதிவர்கள் பெரும்பாலும் இணைப்புகளைத் தேடித்தான் வருகிறார்கள். கிருதா, ஃபோட்டோஷாப் முதலியவற்றின் மூலக் கோப்புகளையோ தூரிகைத் தொகுப்புகளையோ பகிர வேண்டுமென்றால், அந்தக் கோப்பு வகைகளை அனுமதிக்கப்பட்ட பட்டியலில் நிர்வாகி சேர்த்தாக வேண்டும்.

இழைகளின் பட்டியல் இயல்பாக வெறும் தலைப்புகளாகவே காட்சி தருகிறது. ஓவியத் தளத்துக்கு வரும் ஒருவர் முதலில் ஓவியத்தைக் காண வேண்டாமா? டிஸ்கோர்ஸ் குழுவினரே வழங்கும் சிறுபடப் பட்டியல் துணைக்கருவியை நிறுவினால், படைப்புகளுக்கான பிரிவு ஒரு காட்சிக்கூடத்தைப் போலத் தோன்றும். அப்போதும் அது முழுமையான காட்சிக்கூடம் ஆகிவிடாது. தன் படைப்புகளை மட்டும் அழகாக அடுக்கிக் காட்டி வாடிக்கையாளரைத் தேட விரும்புபவருக்கு ஆர்ட்ஸ்டேஷன் போன்ற தளமே உகந்தது. டிஸ்கோர்ஸின் வலிமை படத்தைச் சுற்றி நடக்கும் பேச்சில் இருக்கிறது.

தமிழில் தளம் நடத்துபவர்கள் இரண்டு அமைப்புகளைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இழையின் தலைப்பைத் தமிழில் வைத்தால், இயல்புநிலையில் அதன் இணைய முகவரியில் தலைப்புச் சொற்கள் இடம்பெறாமல் போய்விடும். தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் முறைக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். பயனர் பெயர்களைத் தமிழில் வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது, ஆனால் அதை நாமாகத்தான் இயக்க வேண்டும்.

நிறுவும் வேலை லினக்ஸ் முனையத்துக்குப் பழகியவர்களுக்குக் கடினமன்று. மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு ஒரே பொதியாக இயக்கும் டாக்கர் வழியாக நிறுவுவதே அதிகாரபூர்வ முறை. குறைந்தது 1 ஜிபி நினைவகமும் கூடுதலாக ஸ்வாப் இடமும் (நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் இடம்) வேண்டும், 2 ஜிபி இருந்தால் நிம்மதி. உண்மையில் தொல்லை தருவது மின்னஞ்சல்தான். கணக்கை உறுதிசெய்யும் மடல் போய்ச் சேராவிட்டால் யாரும் உறுப்பினராக முடியாது. வாடகைச் சேவையகங்கள் பலவற்றில் மடல் அனுப்பும் வாயில்கள் (போர்ட்கள்) அடைக்கப்பட்டிருக்கும் என்பதால், தனியே ஒரு மின்னஞ்சல் அனுப்பும் சேவையை அமர்த்தி, மடல் உண்மையில் நம் தளத்தின் பெயரில்தான் வருகிறது என்று உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைத் தளத்தின் பெயருக்குச் சரியாக இட வேண்டும். இந்த வேலையெல்லாம் வேண்டாமென்பவர்கள் டிஸ்கோர்ஸ் நிறுவனத்திடமே மாதக் கட்டணம் செலுத்தித் தளத்தை நடத்தலாம். ஆனால் டாலரில் வரும் அந்தக் கட்டணம் பொழுதுபோக்குக் குழுமத்துக்குச் சுமைதான்.

செலவைப் பற்றிப் பேசும்போது காரா தளத்துக்கு நேர்ந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். புகைப்படக் கலைஞர் ஜிங்னா ஜாங் தொடங்கிய அந்த ஓவியர் தளத்துக்கு 2024 ஜூன் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் பெருங்கூட்டம் வந்தது. சுமார் 40,000ஆக இருந்த பயனர் எண்ணிக்கை 6,50,000ஐத் தாண்டியது. பயன்பாட்டுக்கு ஏற்ப வசூலிக்கும் சேவையில் தளம் இயங்கியதால், 96,280 டாலருக்குக் கட்டணச் சீட்டு வந்து நின்றது. நம் வட்டங்களுக்கு அத்தனை கூட்டம் வராது என்றாலும், படங்கள் நிறைந்த தளத்தில் தரவுப் போக்குவரத்து எதிர்பாராமல் ஏறும் என்பதை மறக்கக் கூடாது. மாதத்துக்கு இவ்வளவு என்று வரையறுத்த வாடகையில், நெரிசல் வந்தால் தளம் மெதுவாகுமே தவிரக் கட்டணம் ஏறாத சேவையகத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வெளிநாட்டுச் சேவைக்குப் பணம் கட்டுபவர்களுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. தொடர் பிடித்தங்களுக்கான ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறகு, அவற்றுக்கு ஏற்ப மாறாத நிறுவனங்களுக்கு அட்டையிலிருந்து தானாகப் பணம் போவதில்லை. சில மாத வாடகையை முன்கூட்டியே செலுத்திவைப்பது நல்லது.

காப்புப் பிரதியை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. ஓவியர்கள் பலர் தங்கள் படைப்புகளை வைத்திருந்த சிஜிஹப் தளம் 2014இல் முன்னறிவிப்பின்றி மூடப்பட்டபோது, அவர்கள் இட்டிருந்த படங்களோடு அவற்றுக்குக் கிடைத்த கருத்துகளும் சேர்ந்தே போயின. டிஸ்கோர்ஸ் இயல்பாக வாரம் ஒருமுறை காப்புப் பிரதி எடுக்கிறது. ஆனால் அதே சேவையகத்தில்தான் அதை வைக்கிறது. சேவையகம் பழுதானால் பிரதியும் சேர்ந்து போய்விடும். ஆகவே நாள்தோறும் எடுக்குமாறு மாற்றி, படங்களையும் உள்ளடக்கச் செய்து, வேறோர் இடத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். ஒருமுறையேனும் அந்தப் பிரதியிலிருந்து தளத்தை மீட்டுப் பார்த்தவர்தான் தன் உறுப்பினர்களிடம் 'உங்கள் படங்கள் பத்திரமாக இருக்கின்றன' என்று சொல்லத் தகுதியுடையவர்.

திருட்டுப் படங்களும் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களும் எந்த ஓவியர் தளத்துக்கும் வந்தே தீரும். உறுப்பினர்கள் முறையிட்டால், போதிய முறையீடுகள் சேர்ந்தவுடன் பதிவைத் தானாகவே மறைத்து நிர்வாகியின் முன் வைக்கும் ஏற்பாடு டிஸ்கோர்ஸில் சிறப்பாக இருக்கிறது. ஆனால் எது கையால் வரைந்தது என்று அது தீர்மானிக்காது. விதியை நாம்தான் எழுத வேண்டும். பயனர்கள் தங்கள் படைப்புகளை வெளியிடும் நியூகிரவுண்ட்ஸ் தளம் 2022 செப்டம்பரிலேயே மிட்ஜர்னி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் உருவாக்கிய படங்களைத் தன் ஓவியப் பிரிவில் தடைசெய்தது. எங்கள் வட்டத்தில், ஐயம் எழுந்தால் படத்தின் அடுக்குகளையோ தொடக்கக் கோட்டுருவையோ அதே இழையில் காட்டும்படி பணிவோடு கேட்கிறோம். அதற்கென வழிகாட்டிப் பக்கத்தில் முதல் நாளே ஒரு பத்தி எழுதிவைத்திருக்கிறோம். தாமே வரைந்தவர்கள் பெரும்பாலும் தயங்காமல் காட்டுகிறார்கள், அந்தக் கோட்டுருக்களைச் சுற்றியே நல்ல விவாதங்களும் நடக்கின்றன.