கண்டி உணவுச் சுற்றுலாவும் டிக்கோயா பக்கத்து ரொட்டியும்

வெளிநாட்டிலிருந்து இங்கே இலங்கைக்கு வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் இப்போதெல்லாம் விமான டிக்கெட் போட்ட கையோடு ஃபுட் டூர் ஒன்றையும் பதிவு செய்துவிடுகிறார்கள். நல்லதுதான், செய்யுங்கள். தெரியாத ஊரில் எந்தக் கடைக்குள் நுழைவது, என்ன கேட்பது, எவ்வளவு கொடுப்பது என்று விழிப்பதைவிட, ஊர் தெரிந்த ஒருவர் கூட நடந்தால் ஒரே மாலையில் நிறையச் சாப்பிடலாம், நிறையத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் காசு கட்டுவதற்கு முன்னால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: யார் சமைத்த, யாருடைய சாப்பாட்டை எங்களுக்குத் தரப்போகிறீர்கள்? மலையகத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்ட மலைநாட்டுக்கு, வந்து இதைக் கேட்காமல் பணம் கட்டினால், தேயிலையால் பேர் வாங்கிய நாட்டில் அந்தத் தேயிலையைப் பறிக்கிறவர்களின் அடுப்பிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடாமல்தான் திரும்பிப் போவீர்கள்.

நான் எழுதுவது இரண்டு இடங்களைப் பற்றி. ஒன்று, கண்டி டவுனில் ஒரு நிறுவனம் நடத்தும் மாலை நேர நடைச் சுற்றுலா. மற்றது, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த டிக்கோயா பக்கம் ஒரு அம்மா தன் வீட்டில் போடும் சாப்பாடு. இரண்டுக்கும் போனது தமிழ்நாட்டுக் கோத்தகிரியிலிருந்து வந்த அண்ணன், அண்ணியோடு. எங்கள் தாத்தாவின் தம்பி குடும்பம் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா போன குடும்பம். பிரஜாவுரிமை இல்லாமல் இருந்த எங்கள் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்க வேண்டும் என்று இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து பிரித்ததில், தாத்தா இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். தலைமன்னாரில் கப்பலேறிப் போனவரின் பேரன்தான் இந்த அண்ணன். கோத்தகிரியிலேயே பிறந்து வளர்ந்தவர், கண்டி அவருக்கு முழுக்க முழுக்க வெளிநாட்டு ஊர். ஆனால் பாட்டி சுட்ட ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் நசுக்கிய கட்டச் சம்பலும் பற்றிக் கேட்டே வளர்ந்தவர். அதைத் தேடித்தான் வந்தார் என்றே சொல்லலாம்.

கண்டி டூர் அவர்கள் ஊரிலிருந்தே ஆன்லைனில் பதிவு செய்தது. ஆளுக்கு 45 டாலர், அன்றைய கணக்கில் பதின்மூவாயிரம் ரூபாய்க்கு மேல். டவுனில் ஒரு சோத்துப் பார்சல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது இது பெரிய காசுதான், ஆனாலும் சாப்பாட்டுக்கு மட்டும் கொடுக்கும் காசு இல்லையே, வழிகாட்டியின் நேரத்துக்கும் அறிவுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறையவே இருந்தது. கூட்டம் சின்னது, எல்லோரும் வழிகாட்டி பேசுவதைக் கேட்கும் தூரத்திலேயே நடந்தோம். அவர் அவசரப்படுத்தவில்லை. குளத்தங்கரையில் ஆரம்பித்து, அது 1807 இல் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் வெட்டியது என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு நேரே மத்திய சந்தைக்குள் கூட்டிப் போனார். ரம்புட்டானும் மங்குஸ்தானும் வரும் காலம் என்பதால் அண்ணிக்கு அங்கிருந்து நகரவே மனமில்லை. அப்புறம் பழைய முஸ்லிம் ஹோட்டல் ஒன்றில் கொத்து ரொட்டி. சூடான தட்டில் இரண்டு தகடுகளும் தாளம் போட ரொட்டி கொத்துப்படும் சத்தம் தெருமுனைவரை கேட்கும், அதைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார்கள். பிறகு அப்பம். தமிழ்நாட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டுப் பழகிய இருவரில் அண்ணன் முட்டை அப்பத்தை கட்டச் சம்பலோடும், அண்ணி சாதா அப்பத்தை சீனிச் சம்பலோடும் சாப்பிட்டு, ஊருக்குப் போனதும் செய்து பார்க்க வேண்டும் என்றார்கள்.

கடைசியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும். இந்த இடத்தில் வழிகாட்டிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். கித்துள் மரம் தமிழ்நாட்டிலும் இருக்கிறது, அங்கே கூந்தல் பனை என்பார்கள். அதன் பூம்பாளையைச் சீவி இறக்கும் பதநீரைக் காய்ச்சினால்தான் பாணி, இன்னும் இறுகக் காய்ச்சினால் கருப்பட்டி. சந்தையில் விற்கும் போத்தல்களில் சீனிப் பாகு கலந்தது நிறைய. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நக்கிப் பார்க்கச் சொன்னார். கலப்படத்தில் வெறும் இனிப்புதான், நல்ல பாணியில் இனிப்போடு லேசான புகை வாசமும் மெல்லிய புளிப்பும் வரும். இப்படிச் சொல்லித்தரும் வழிகாட்டி கிடைத்தால் கொடுத்த காசுக்கு மனம் ஆறும்.

சரி, இனிக் குறைகள்.

அண்ணி சுத்த சைவம். பதிவு செய்யும்போதே படிவத்தில் எழுதியிருந்தார். இருந்தும் இரண்டாவது கடையிலேயே வல்லாரைச் சம்பலில் மாசிக் கருவாடு. இலங்கைச் சாப்பாட்டில் இது முக்கியமான விஷயம், வெளியூர்க்காரர்கள் கவனமாகப் படியுங்கள். தேங்காய்ச் சம்பல், கட்டச் சம்பல், சீனிச் சம்பல், சில கீரைச் சுண்டல் எல்லாவற்றிலும் மாசிக் கருவாட்டுத் தூள் போடுவது இங்கே வழக்கம். மீன் துண்டாகத் தெரியாது, அதனால் கடைக்காரரே நல்ல மனதோடு அதை மரக்கறி என்று கொடுத்துவிடுவார். "சைவமா?" என்று கேட்டால் போதாது, "மாசி போட்டிருக்கா?" என்று கேட்க வேண்டும். கொத்துக் கடைகளிலும் மாட்டிறைச்சிக் கொத்தும் மரக்கறிக் கொத்தும் ஒரே தட்டில்தான் கொத்துப்படும். காசு வாங்கி நடத்துகிற சுற்றுலாவில் இதையெல்லாம் சாப்பிடுகிறவர் கேட்கவே கூடாது, வழிகாட்டி முன்கூட்டியே போய்ச் சொல்லி வைத்திருக்க வேண்டும். அண்ணி ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து போனது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. வழிகாட்டி மன்னிப்புக் கேட்டார், அடுத்த கடைகளில் கவனமாக இருந்தார். நிறுவனத்திடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

இதைவிடப் பெரிய குறை தேயிலையில். நடையின் நடுவில் ஒரு தேயிலைக் கடைக்குள் உட்கார வைத்தார்கள். ஜேம்ஸ் டெய்லர், 1867, லூல்கந்துரத் தோட்டம், முதலில் நட்ட 19 ஏக்கர், கோப்பியைத் துருநோய் அழித்த பிறகு தேயிலை வந்த கதை, எல்லாம் அழகாகச் சொன்னார்கள். பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட் என்று ரகம் ரகமாக ஊற்றித் தந்தார்கள். அந்த 19 ஏக்கரிலிருந்து இன்றுவரை கொழுந்து பறித்த கைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தக் கைகள் காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு மலைக்குப் போகின்றன என்று ஒரு வரி இல்லை. அண்ணன்தான் கேட்டார், தோட்டத்து ரொட்டி எங்கே கிடைக்கும், அது இந்த நடையில் வருமா என்று. "அது ப்ரோகிராமில் இல்லை சார்" என்றார் வழிகாட்டி. அவர் மேல் தப்பில்லை, பட்டியல் போட்டவர்கள் வேறு யாரோ. ஆனால் தங்கள் விளம்பரத்தில் மலைநாட்டுச் சுவைகள் என்று போட்டுக்கொண்டு, சிங்களச் சாப்பாட்டுக்கும் முஸ்லிம் சாப்பாட்டுக்கும் இடம் வைத்து, இரண்டு நூற்றாண்டாக இந்த மலைகளில் வாழும் எங்கள் சாப்பாட்டை மட்டும் விட்டுவிட்டால் அது அரைகுறைப் பட்டியல். கண்டி டவுனிலேயே எங்கள் ஆட்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள் எத்தனை, கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வரை நடந்து பார்த்தாலே தெரியும்.

அதனால்தான் டிக்கோயா. நண்பர் ஒருவர் மூலம் தெரிந்த வீடு, பெயரும் இடமும் இங்கே போடமாட்டேன், அந்த அம்மாவுக்குக் கூட்டம் தாங்காது. முன்பு கொழுந்து பறித்தவர், இப்போது ஓய்வு. முன்கூட்டிச் சொன்னால் சமைத்து வைப்பார், ஆளுக்கு 2,000 ரூபாய், காசு நேரே அவர் கைக்கு.

அடுப்பங்கரையிலேயே உட்காரச் சொன்னார். கோதுமை மாவு, திருவின தேங்காய், உப்பு, அவ்வளவுதான் ரொட்டிக்கு. வேண்டுமென்றால் வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போடலாம். உருண்டை பிடித்துக் கையாலேயே தட்டி, தட்டையான கல்லில் விறகு நெருப்பில் சுட்டார். ஹோட்டல் ரொட்டி போல மெல்லிசாக இருக்காது, தடிப்பாக, ஓரம் கருகி, உள்ளே தேங்காய் ஈரத்தோடு இருக்கும். ஏன் இவ்வளவு தடிப்பு என்று அண்ணி கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் எந்த டூரிலும் கிடைக்காத பாடம். விடியுமுன் சுட்டு, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, மலையில் நின்றபடி கையில் பிடித்துச் சாப்பிட வேண்டும், தட்டு இல்லை, கறி ஊற்ற வழி இல்லை, மத்தியானம் வரை பசி தாங்க வேண்டும், மெல்லிசாகச் சுட்டால் யாருக்குக் காணும்? காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் அம்மியில் வைத்து நசுக்கி, தேசிக்காய் பிழிந்து கட்டச் சம்பல். அண்ணி கேட்பதற்கு முன்பே, "மாசி போடலம்மா, பயப்படாம சாப்பிடு" என்றார். நாங்கள் சொல்லி வைத்ததை ஞாபகம் வைத்திருந்தார், அவ்வளவுதான் வேண்டும். கூடவே பருப்பு, மரவள்ளிக்கிழங்கு அவித்தது, நெத்தலிக் கருவாடு தனிச் சட்டியில் தனிக் கரண்டியோடு. கடைசியில் டஸ்ட் தேயிலையில் போட்ட கடுஞ்சாயம், உள்ளங்கையில் சீனி.

அண்ணன் அதிகம் பேசவில்லை. இரண்டாவது ரொட்டியை எடுக்கும்போது பாட்டியும் ஓரத்தைத் தனியாகப் பிய்த்துத் தருவார் என்று மட்டும் சொன்னார்.

இந்த வீட்டுச் சாப்பாடு எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஹட்டனில் இறங்கி பஸ்ஸோ த்ரீவீலோ பிடிக்க வேண்டும், அதற்குமேல் படிக்கட்டு ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். மழை பெய்தால் அட்டை கடிக்கும். பில், ரசீது கிடையாது, தமிழோ சிங்களமோ தெரியாவிட்டால் கூட ஒருவர் வேண்டும். இன்னொன்று, லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள் பக்கம் போகிறவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கண்டபடி படம் எடுக்காதீர்கள். அது ஜனங்கள் குடியிருக்கும் வீடு. குளிக்கிற இடமும் துணி காய்கிற கொடியும் வாசலிலேயே இருக்கும். கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். லயத்தைக் காட்டிக் காசு பார்க்கும் டூர் எதற்கும் தயவு செய்து பணம் கட்டாதீர்கள். தொழிலாளர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள ஆசையென்றால், கம்பளைப் பக்கம் பழைய லயத்திலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் 1925 இல் கட்டிய தொழிற்சாலைக்குள் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் மெஷின்களைப் பார்க்கலாம், கம்பளையில் மனிதர்களைப் பார்க்கலாம்.

கண்டியிலோ நுவரெலியாவிலோ எந்த டூர் எடுத்தாலும் நான் பார்க்கச் சொல்வது இவை. எந்தெந்தக் கடை, ஒவ்வொன்றிலும் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். "சர்ப்ரைஸ்" என்றால் நகர்ந்துவிடுங்கள். கடைசி நிறுத்தம் வாசனைத் திரவியக் கடையாகவோ தேயிலைக் கடையாகவோ இருந்தால் கமிஷன் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்தளை வீதியில் இலவசம் என்று கூப்பிடும் வாசனைத் தோட்டங்கள் பலவற்றில் எண்ணெய்ப் போத்தலை விலை கேட்டால் தலை சுற்றும். வழிகாட்டியிடம் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், முறையான ஆள் அட்டையைக் கழுத்திலேயே போட்டிருப்பார். போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளில் சாராயக் கடை எல்லாம் மூடியிருக்கும், இறைச்சியும் சில இடங்களில் கிடைக்காது, அன்றைக்கு நடத்தினால் பட்டியல் எப்படி மாறும் என்று கேளுங்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஹோட்டல்கள் பகலில் எப்படி என்றும் கேளுங்கள், ஆனால் அந்த மாதத்தில் மாலை நடை கிடைத்தால் விடாதீர்கள், நோன்புக் கஞ்சிக்காகவே போகலாம். பசியோடு போங்கள். மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மாலை டூருக்குப் போவது காசுக்குக் கேடு.

மதிப்பெண் கேட்டால், கண்டி டூருக்கு ஐந்துக்கு மூன்று. வழிகாட்டிக்காகவும் கித்துள் பாணிக்காகவும் அந்த மூன்று, மாசிக்கு ஒன்றும் ரொட்டிக்கு ஒன்றும் குறைத்தது. ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது, அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் தாராளமாகப் போகலாம். சைவக்காரர்கள் அவர்கள் திருந்தும்வரை பொறுங்கள்.

நிறுவனத்துக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். மாசி விஷயத்துக்கு இன்னும் பதில் இல்லை. ரொட்டி பற்றி மட்டும், "யோசிக்கிறோம், நல்ல கடை தெரிந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு பதில் வந்தது. டவுனுக்குள்ளேயே கையால் தட்டி ரொட்டி சுடும் இரண்டு கடைகளின் பெயரை அன்றே அனுப்பிவிட்டேன், வேண்டுமென்றால் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன்.