கேஸா, இண்டக்‌ஷனா, மூடி போட்ட பாத்திரமா?

கோவில்பட்டியில் தம்பி வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் மொட்டை மாடியைத்தான் காட்டுவான். 3 கிலோவாட் சோலார். தகடு ஒவ்வொன்றையும் கார் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருக்கிறான். கீழே சமையலறையில் கேஸ் அடுப்பு மூலையில் ஒதுங்கிக் கிடக்க, இண்டக்‌ஷனில் சாம்பார் கொதிக்கிறது. "இன்னுமாக்கா கேஸைக் கொளுத்திக்கிட்டிருக்க?" என்று போன பொங்கலுக்கு ஒரு குத்து விட்டான். மதுரை திரும்பிய கையோடு நானும் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினேன். கூடவே, பிளக்கில் மாட்டி எத்தனை யூனிட் ஓடியது என்று பார்க்கிற சின்ன மீட்டர் ஒன்றும் வாங்கினேன். எந்தச் சமையலில் கார்பன் குறைவு என்று அந்த மீட்டரை வைத்துப் பார்க்கப் போய்த்தான் இவ்வளவு எழுத வேண்டியதாயிற்று.

முதலில் இரண்டு லிட்டர் தண்ணீரை மூடி போட்டுக் கொதிக்க வைத்தேன். மீட்டர் காட்டியது 0.2 யூனிட். கேஸை இப்படி வீட்டில் அளக்க வழியில்லை என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ கேஸில் கிட்டத்தட்ட 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. அதில் 60 சதவீதம் பாத்திரத்துக்குள் போனாலே பெரிய விஷயம். மீதி சமையலறைச் சுவருக்கும் நம் முகத்துக்கும் போகிறது. (அடுப்புக்குக் குறைந்தது 68 சதவீதம் திறன் வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அது சோதனைக்கூடத்தில் எடுக்கிற மதிப்பெண்.) இந்தக் கணக்குப்படி அதே தண்ணீருக்கு 21 கிராம் கேஸ் ஆகிறது. இண்டக்‌ஷனோ ஏறத்தாழ 85 சதவீத வெப்பத்தைப் பாத்திரத்தின் அடியிலேயே உண்டாக்கிவிடுகிறது. இதுவரைக்கும் தம்பி சொன்னதுதான் சரி.

ஆனால் அந்த 0.2 யூனிட் எங்கிருந்து வந்தது? நம் நாட்டில் பெரும்பாலான மின்சாரம் இன்னும் நிலக்கரியில்தான் பிறக்கிறது. அனல் மின் நிலையத்தில் மூன்று பங்கு வெப்பத்தை எரித்தால் ஒரு பங்குதான் மின்சாரமாகக் கம்பியில் ஏறும். மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் கணக்கில், நாடு முழுவதற்குமான சராசரியாக ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அப்படியானால் என் இரண்டு லிட்டர் வெந்நீருக்கு 140 கிராம். கேஸ் ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ; எனவே 21 கிராமுக்கு 63 கிராம்தான் வருகிறது.

பாதிகூட இல்லை. நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

கேஸுக்கும் கப்பல் செலவு, சுத்திகரிப்புச் செலவு உண்டு. நாம் எரிக்கும் கேஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து, பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து வருகிறது. மின்சாரத்துக்கும் சுரங்கம், ரயில், கம்பியில் போகிற இழப்பு எல்லாம் உண்டு. இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்த்தாலும் முடிவு புரளவில்லை. கூரையில் சோலார் இல்லாத என் வாடகை வீட்டில், ராத்திரி ஏழு மணிக்கு, இண்டக்‌ஷன்தான் அதிகப் புகை விடுகிறது. அந்தப் புகை என் சமையலறையில் தெரியாது, நெய்வேலியிலோ தூத்துக்குடியிலோ அனல் மின் நிலையப் புகைபோக்கி வழியாகப் போகும்.

ராத்திரி ஏழு மணி என்று சொன்னதில் காரணம் இருக்கிறது. 0.7 என்பது சராசரி. எல்லா நேரத்து மின்சாரமும் ஒன்றல்ல. நண்பகலில் தமிழ்நாட்டுக் கம்பிகளில் சூரிய மின்சாரம் நிறைய ஓடுகிறது. ஆடி பிறந்தால் அம்மியே பறக்கிற காற்றில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகள் சுற்றித் தீர்க்கின்றன. பொழுது சாய்ந்ததும் சூரியன் கை விட்டுவிடும். ஊரே விளக்கும் டிவியும் ஏசியும் போடுவது அப்போதுதான். ஆக, பதினொரு மணிக்கு வைக்கிற சாம்பாரும் எட்டு மணிக்கு ஊற்றுகிற தோசையும் ஒரே அடுப்பில் ஆனாலும் ஒரே கணக்கில் வராது.

தம்பி வீட்டில் பகல் சமையல் அவன் மாடி வெயிலில் நடக்கிறது. 1 கிலோவாட் தகடு நல்ல வெயில் நாளில் நான்கு யூனிட் தரும்; ஒரு குடும்பத்தின் சமையலுக்கு மூன்று யூனிட் போதும். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் கிடைத்திருக்கிறது. சொந்த வீடு, நிழல் விழாத மொட்டை மாடி, கையில் கொஞ்சம் காசு இருப்பவர்கள் யோசிக்காமல் அவன் வழியில் போகலாம். ஆனால் ஒன்று: அவன் ராத்திரி தோசையும் என்னுடையதும் ஒரே நிலக்கரிதான். பகலில் ஊர்க் கம்பியில் ஏற்றிய மின்சாரத்தை ராத்திரி எடுத்ததில் கழித்துக்கொள்வது மின்வாரிய மீட்டர் கணக்கு. கரிக்கு அந்தக் கணக்கு தெரியாது.

சரி, காசு? 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலையை இண்டக்‌ஷன் செய்ய ஏறக்குறைய 130 யூனிட் ஆகும். நாற்பது நாளுக்கு ஒரு சிலிண்டர் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் 190 யூனிட் கூடும். ஏற்கெனவே 350 யூனிட் ஓடுகிற வீடு 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் நம் ஊரில் கட்டணப் பட்டியலே வேறு. முழுச் சமையலையும் மாற்றுவதற்கு முன் பழைய பில்லை ஒரு தரம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இண்டக்‌ஷனைக் குறை சொல்வதற்கு எழுதவில்லை. சித்திரை வெயிலில் தலைக்கு மேல் விசிறியைப் போட்டுக்கொண்டு சமைக்கலாம் என்பது எவ்வளவு பெரிய சுகம்! கேஸில் விசிறி போட்டால் தீ ஆடும், அணையும். கேஸ் தீ, நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சமையலறைக் காற்றிலேயே விடுகிறது. இண்டக்‌ஷனில் அது கிடையாது. வீட்டில் வீசிங் உள்ள குழந்தை இருந்தால், கார்பன் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு இண்டக்‌ஷனுக்கே போகச் சொல்வேன். பாத்திரம்தான் தொல்லை. காந்தம் ஒட்டாத எதுவும் அதில் சூடாகாது. அலுமினியக் குக்கர், மண் சட்டி, அடி உருண்ட வாணலி எல்லாம் வெளியே. அம்மா தன் ஈயச் சொம்பை அதன் பக்கத்தில்கூட விடவில்லை. "ரசம் அதுலதான் வைப்பேன், இல்லாட்டி உனக்கு ரசமே கிடையாது" என்று சொல்லிவிட்டாள்.

விறகைப் பற்றி ஒரு வரி. தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் மட்டையையும் சிரட்டையையும் போட்டுக் குளிக்க வெந்நீர் காய்ச்சினால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வெளியே, திறந்த இடத்தில் என்றால் மட்டும்.

இனி மூன்றாவது போட்டியாளர். அது ஒரு அடுப்பே இல்லை. எந்த அடுப்பாக இருந்தாலும் அதை எவ்வளவு நேரம், எவ்வளவு பெரிதாக எரிய விடுகிறோம் என்பதுதான். இதில் நான் பட்ட வெட்கத்துக்கு அளவில்லை. கொதி வந்த பிறகு தீயைக் கூட்டினால் தண்ணீர் கூடுதலாகச் சூடாவதில்லை, சீக்கிரம் ஆவியாகிறது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனாலும் இருபது வருடமாக பருப்பைப் பெரிய பர்னரில் தளதளவென்று விட்டுக்கொண்டிருந்தேன். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்தால் போதும். கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப் போடலாம். சின்னப் பாத்திரத்துக்குச் சின்ன பர்னர்; தீ பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி நக்குகிறது என்றால் அந்தக் கேஸ் வீண். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றித் துளைகளைக் குத்திவிட வேண்டும்.

இதில் பெரியது சோறு. எங்கள் வீட்டில் வடித்த சோறுதான், குக்கர் சோறு யாருக்கும் இறங்காது. புழுங்கலரிசிக்கு உலை வைத்து அரை மணி நேரம் எரிய வேண்டியிருந்தது. இப்போது அரிசி போட்டுக் கொதி வந்து பத்து நிமிடத்தில் பாத்திரத்தோடு தூக்கித் தெர்மல் குக்கருக்குள் இறக்கி மூடிவிடுகிறோம். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துக் கஞ்சி வடித்தால் பூப்போல இருக்கிறது. உள்ளே மின்சாரம், தீ எதுவும் கிடையாது, சூட்டை வெளியே விடாத ஒரு டப்பா, அவ்வளவுதான். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் இதையே சூடாறாப் பெட்டி என்று வீடு வீடாகப் பரப்பியது. கஷ்டம் என்னவென்றால், ஒரு மணி நேரம் முன்னால் யோசிக்க வேண்டும். பசி வந்த பிறகு அடுப்படிக்குப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

சிலிண்டர் மாற்றிய தேதியைத் தினக் காலண்டரில் கிறுக்கி வைப்பது அம்மாவின் பழக்கம். அதைப் பார்த்தேன். முன்பு 38 நாள் வந்தது, இப்போது 46 நாள் வருகிறது. வருடத்துக்கு ஒன்றரை சிலிண்டருக்கு மேல் மிச்சம். சுமார் 24 கிலோ கேஸ், 70 கிலோ கார்பன் டை ஆக்சைடு. தெர்மல் குக்கர் விலையைத் தவிர ஒரு செலவும் இல்லை. மூன்றில் எது என்று கேட்டால் என் ஓட்டு இதற்குத்தான். அதன் மேல், மாடியில் சோலார் இருந்தால் பகலுக்கு இண்டக்‌ஷன். இல்லாவிட்டால் கேஸே இருக்கட்டும், தப்பில்லை.

மார்தட்டிக்கொள்ளும் நேரத்தில் அந்தப் பாழாய்ப்போன மீட்டரை ஹால் விசிறிக்கும் மாட்டித் தொலைத்தேன். பழைய விசிறி, 75 வாட். மதுரையில் ஹால் விசிறி ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும், மார்கழியில் கொஞ்சம் குறையும். இப்போது வரும், பிஎல்டிசி என்ற சிக்கன மோட்டார் வைத்த விசிறி முழு வேகத்திலேயே 35 வாட்டுக்குள் முடித்துவிடுகிறது. வித்தியாசம் நாளுக்கு 0.6 யூனிட். வருடத்துக்கு 200 யூனிட்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. ஒரு விசிறி! சிம்மில் வைத்தும் ஊறப் போட்டும் மூடி தேடியும் நான் சேர்த்ததைப்போல் இரண்டு மடங்கு, ஒரு எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி அரை மணியில் மாட்டிவிட்டுப் போகிற வேலையில். ஏசியைப் பற்றிக் கேட்காதீர்கள். ராத்திரிக்கு எட்டு யூனிட் என்று வைத்தாலும் என் 70 கிலோ பன்னிரண்டு ராத்திரிக்குத்தான் வரும்.

ஹால் விசிறியை மாற்றியாயிற்று. படுக்கையறை அடுத்த மாதம். போன வாரம் தம்பிக்குப் போன் போட்டு, "உங்க வீட்ல அஞ்சு ஃபேன் ஓடுதே, ஒண்ணு எத்தனை வாட்டுடா?" என்று கேட்டேன்.

"பாத்துச் சொல்றேங்கா" என்றான். இன்னும் சொல்லவில்லை.