பாதியில் நின்ற அப்டேட்: டெபியன், ஆர்ச், ஃபெடோரா, கோத்தகிரி அனுபவத்தில் ஓர் ஒப்பீடு

அரவேனு பக்கம் காற்று எழுந்தால் முதலில் முறிவது தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரம். பெரும்பாலும் அதன் அடியில்தான் மின்கம்பி போகும். போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம் அப்படித்தான் ஆனது. எங்கள் பயிற்சி அறையில் மூன்று லேப்டாப்களில் ஒரே நேரத்தில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றிலும் பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது. கரண்ட் போன அடுத்த நொடி மூன்று திரையும் இருண்டுவிட்டன.

ஒன்றில் டெபியன், ஒன்றில் ஆர்ச், ஒன்றில் ஃபெடோரா. மூன்றும் லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டங்கள். மூன்றையும் தன்னார்வலர்கள் கூடி நடத்துகிறார்கள், மூன்றும் இலவசம். ஃபெடோராவுக்கு மட்டும் பின்னால் ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவு உண்டு. மறுநாள் மதியம் கரண்ட் வந்தது. டெபியன் கருப்புத் திரையில் எழுத்து லாகின் வரைக்கும் வந்து நின்றது. ஃபெடோரா பழைய கர்னலில் (சிஸ்டத்தின் மையப் பகுதி) எழுந்து டெஸ்க்டாப்பைக் காட்டியது. ஆர்ச் எழவே இல்லை.

அன்றைக்குப் பிறகு, எந்த சிஸ்டம் நல்லது என்று யாராவது கேட்டால் நான் ஒன்றைத்தான் பார்க்கச் சொல்கிறேன்: அப்டேட் பாதியில் நின்றால் அது உங்களை எந்த நிலையில் விட்டுவிட்டுப் போகிறது? இந்த மலையில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தின் முறை. ஆக, வருஷத்தில் இரண்டு பருவம் இந்தப் பிரச்சினை யாராவது ஒருவர் வீட்டில் இருந்துகொண்டே இருக்கும்.

ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நெட் போவதும் கரண்ட் போவதும் ஒரே நோய் இல்லை. மூன்று சிஸ்டமும் வேண்டிய பேக்கேஜ்களை (நிரல்களின் கட்டுகளை) எல்லாம் முதலில் இறக்கி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் நிறுவத் தொடங்கும். இறக்கும்போது நெட் போனால் எதுவும் கெடாது, மறுபடி கொடுத்தால் தொடரும். நிறுவும்போது கரண்ட் போனால்தான் ஆபத்து. அதனால் நான் இரண்டு வேலையையும் பிரித்துவிட்டேன். நெட் நன்றாக இருக்கும் விடியற்காலையில் இறக்குவது மட்டும். டெபியனில் அதன் அப்டேட் கருவியான ஏபிடிக்குக் கொடுக்கும் 'ஏபிடி ஃபுல்-அப்கிரேட்' கட்டளையோடு ஒற்றைக் கோடு டி சேர்த்தால் போதும். நிறுவுவது, வானம் தெளிந்து கரண்ட் நிலையாக இருக்கும் நேரத்தில். ஃபெடோராவிலும் 'டவுன்லோட்-ஒன்லி' உண்டு. ஆர்ச்சின் அப்டேட் கருவியான பேக்மேனிலும் டபிள்யூ எழுத்தைச் சேர்த்து இறக்கி மட்டும் வைக்கலாம். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஆர்ச்: எழாமல் போனது ஏன்

எனக்கு ஆர்ச் பிடிக்கும். ஒவ்வொரு பாகத்தையும் கையால் பொருத்திப் பழகிய பிள்ளைகள் சிஸ்டத்தை உண்மையாகவே புரிந்துகொள்கிறார்கள். ஆனால் கரண்ட் விஷயத்தில் அது மன்னிக்காது.

அன்றைய அப்டேட்டில் கர்னலும் இருந்தது. ஆர்ச்சில் புதிய கர்னல் வந்தால் பழையது போய்விடும், இரண்டும் அருகருகே இருக்காது. பழையதன் மாட்யூல்கள் (கர்னலின் துணைப் பகுதிகள்) அழிந்திருந்தன. கணினி எழத் தொடங்கும்போது புதியதற்கு வேண்டிய இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஃபைல் கடைசியில்தான் உருவாகும், அந்தக் கட்டத்துக்கு வேலை வரவே இல்லை. லைவ் யுஎஸ்பி (பெண்டிரைவிலிருந்தே ஓடும் சிஸ்டம்) போட்டு உள்ளே போய், டிஸ்க்கில் இருக்கும் சிஸ்டத்துக்குள் நுழைய உதவும் ஆர்ச்-சிஹெச்ரூட் வழியாக அப்டேட்டை மறுபடி ஓட்டினேன். அது முடிந்தும் சில லைப்ரரி ஃபைல்கள் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் பாகங்கள்) 'எம்ப்டி, நாட் செக்டு' என்று வந்தன. பெயர் இருக்கிறது, உள்ளே ஒரு பைட்கூட இல்லை. டிஸ்க்கில் எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போனதன் தடயம் அது. அந்த பேக்கேஜ்களைத் திரும்ப நிறுவி எழுப்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. எனக்கு வழி தெரியும், கையில் இன்னொரு கணினியும் இருந்தது. தேனாடு பக்கம் ஒரே ஒரு லேப்டாப் வைத்திருக்கும் மாணவன் என்ன செய்வான்?

இன்னொன்று, ஆர்ச்சைச் சும்மா விட்டுவைக்க முடியாது. மழை விடுமுறையில் இரண்டு மாதம் மூடி வைத்துவிட்டுத் திறந்தால், பேக்கேஜ் உண்மையானதா என்று சரிபார்க்கும் கையெழுத்துச் சாவிகள் பழசாகி, 'இன்வேலிட் ஆர் கரப்டட் பேக்கேஜ்' என்று நிற்கும். முதலில் ஆர்ச்லினக்ஸ்-கீரிங் பேக்கேஜை மட்டும் புதுப்பித்து, உடனே முழு அப்டேட்டையும் கொடுத்தால் சரியாகும். சில சமயம் கையால் செய்ய வேண்டிய வேலையும் வரும். 2025 ஜூனில், வைஃபை போன்ற வன்பொருளுக்குள் ஓடும் நிரல்கள் அடங்கிய லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜைப் பல துண்டுகளாகப் பிரித்தார்கள். பழையதை முதலில் நீக்கிவிட்டுப் புதியதை நிறுவ வேண்டும் என்று ஆர்ச் தளத்தில் அறிவிப்பும் போட்டிருந்தார்கள். அதைப் படிக்காதவர்களுக்கு 'எக்ஸிஸ்ட்ஸ் இன் ஃபைல்சிஸ்டம்' என்ற பிழை வந்து அப்டேட் நின்றது.

மேலே சொன்ன பொறி இதுதான். பேக்கேஜ் பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு, முழு அப்டேட் கொடுக்காமல் ஒரு பேக்கேஜை மட்டும் நிறுவினால், புதிய நிரலும் பழைய லைப்ரரியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். இப்படிப் பாதி அப்டேட் செய்வதை ஆர்ச் ஆதரிப்பதில்லை. இறக்கி வைத்தவர் அடுத்ததாக முழு அப்டேட்டை முடிக்க வேண்டும், அதற்கு நடுவில் வேறெதையும் நிறுவக்கூடாது. எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேர் இப்படித்தான் மாட்டினார்கள்.

டெபியன்: எழுதி வைக்கிற பழக்கம்

டெபியன் 1993-ல் தொடங்கியது. அதன் பழைமையை வெளிப்படையாகக் காணும் இடம் டிபிகேஜி, அதாவது ஏபிடிக்கு அடியில் நின்று பேக்கேஜ்களை நிறுவும் நிரல். பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் வரி வரியாக எழுதுவார்கள் இல்லையா, அதுபோல ஒவ்வொரு பேக்கேஜும் எந்த நிலையில் இருக்கிறது என்று அது பதிவேட்டில் எழுதிக்கொண்டே போகும்: பிரித்தாயிற்று, பாதி அமைத்தாயிற்று, முழுதாக முடிந்தது. ஃபைல் டிஸ்க்கில் பத்திரமாக இறங்கிவிட்டதை உறுதிசெய்த பிறகே பழையதன் இடத்தில் புதியதை வைக்கும். டெபியனில் நிறுவுவது மெதுவாகத் தோன்ற இதுவும் ஒரு காரணம். அந்த மெதுவை நான் மனசாரப் பாராட்டுகிறேன்.

கர்னல் விஷயத்திலும் வித்தியாசம் பெரியது. டெபியனில் புதிய கர்னல் வேறு பெயருள்ள பேக்கேஜாக வரும், பழையது அப்படியே இருக்கும். புதியது எழாவிட்டால், கணினி எழும்போது வரும் க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழையதைத் தேர்ந்தெடுக்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, இதைப் போனிலேயே சரிசெய்யலாம் என்பது. கார்த்திகையில் ஒரு ராத்திரி கட்டபெட்டிலிருந்து ஒரு மாணவி கூப்பிட்டாள்.

"அண்ணா, கருப்பு ஸ்க்ரீன்ல லாகின்னு மட்டும் நிக்குது. நாளைக்கு ப்ராஜெக்ட் குடுக்கணும்."

"பயப்படாதம்மா, பேரும் பாஸ்வேர்டும் போட்டு உள்ள போ. இப்ப நான் சொல்றத அப்படியே அடி. சுடோ, இடைவெளி, டிபிகேஜி, இடைவெளி, ரெண்டு கோடு கான்ஃபிகர், இடைவெளி, ஒரு கோடு ஏ."

"ஓடுது அண்ணா. நிறைய 'செட்டிங் அப்'னு வருது."

"முடிஞ்சதும் சுடோ, ஏபிடி, இன்ஸ்டால், ஒரு கோடு எஃப். அப்புறம் அப்கிரேட்ட மறுபடி குடு."

இருபது நிமிடத்தில் டெஸ்க்டாப் வந்துவிட்டது. முதல் கட்டளையை நான் சொல்லாவிட்டாலும், அடுத்த தடவை ஏபிடியை ஓட்டும்போது அதுவே 'டிபிகேஜி தடைபட்டது, இதை ஓட்டு' என்று அந்த வரியைக் காட்டியிருக்கும். ஆர்ச்சாக இருந்திருந்தால் லைவ் யுஎஸ்பி எழுத வேறொரு கணினி வேண்டும், ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தப் பெண் அதற்கு எங்கே போவாள்?

டெபியனுக்கும் தொல்லைகள் உண்டு, அவற்றையும் சொல்ல வேண்டும். பதிப்பு மாறும்போதுதான் அவை தலைகாட்டும். பெட்டியில் வருஷக்கணக்காகக் கிடந்த ஒரு கணினியில் டெபியன் 9 இருந்தது. அப்டேட் கொடுத்தால் எல்லாம் '404' (ஃபைல் அங்கே இல்லை). பழைய பதிப்புகள் வழக்கமான சர்வரிலிருந்து ஆவணச் சர்வருக்குப் போய்விடும். முகவரியை மாற்றினாலும் 9-லிருந்து 10, 10-லிருந்து 11 என்று ஒவ்வொரு படியாகத்தான் ஏற முடியும், நடுவில் தாண்டுவதை டெபியன் ஆதரிப்பதில்லை. அப்படிப்பட்ட கணினிக்கு என் முடிவு, ஃபைல்களை நகல் எடுத்துக்கொண்டு புதிதாக நிறுவுவது. 12-ல் ஃபர்ம்வேர் தனிப் பகுதியாகப் பிரிந்தது. பேக்கேஜ் இறக்கும் இடங்களின் பட்டியலில் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்று சேர்க்காதவர்களுக்கு வைஃபை ஃபர்ம்வேர் பழசாகவே தங்கிவிடும். 2025 ஆகஸ்டில் வந்த 13-ல் 32-பிட் கணினிக்கு நிறுவும் நிரலும் இல்லை, கர்னலும் இல்லை. உங்களிடம் அப்படியொரு கணினி இருந்தால் 12-லேயே நில்லுங்கள்.

ஃபெடோரா, அதன் தங்கை சில்வர்ப்ளூ

ஃபெடோரா வழக்கமாக மூன்று கர்னல்களை வைத்திருக்கும், அதனால்தான் அன்று எழுந்தது. ஆனால் உள்ளே சில பேக்கேஜ்களின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் பதிவேட்டில் இரட்டையாக நின்றன. ஃபெடோராவின் அப்டேட் கருவியான டிஎன்எஃப்பில் 'டிஎன்எஃப் செக்' கொடுத்தால் பட்டியல் வரும். அவற்றை நீக்கிவிட்டு 'டிஸ்ட்ரோ-சிங்க்' கொடுத்துச் சரிசெய்தேன். அரை மணி நேர வேலை. தவறிப்போன அப்டேட்டை 'ஹிஸ்டரி அண்டூ' கொடுத்துத் திருப்பும் வசதியும் இருக்கிறது, டெபியன் 12-ல் நான் ஏங்கியது அதற்குத்தான்.

கரண்ட்டை மட்டும் கணக்கில் எடுத்தால் உண்மையான வெற்றி ஃபெடோரா சில்வர்ப்ளூவுக்கு. அது ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தைத் தொடுவதே இல்லை. புதியதைத் தனியாகத் தயார்செய்து, அடுத்த தடவை கணினி எழும்போதுதான் மாறும். ஒருமுறை வேண்டுமென்றே நடுவில் வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றும் நடக்காதது போலப் பழைய நிலையிலேயே எழுந்தது. புதியது பிடிக்காவிட்டால் பூட் மெனுவில் பழையதுக்குத் திரும்பலாம். இதைப் பார்த்த அன்று எல்லாக் கணினியையும் மாற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

நெட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எங்களுக்கு இருப்பது மொபைல் டேட்டா, மூடுபனி நாட்களில் ஒரு கோடுதான் சிக்னல். ஃபெடோராவில் வாரா வாரம் அப்டேட் குவியும். ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாதம்தான் ஆதரவு, அதனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஜிபி கணக்கில் இறக்கிப் பதிப்பு மாற வேண்டும். டெபியனின் நிலையான பதிப்பான ஸ்டேபிளில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வரும். ஒரு பதிப்பு 3 வருஷம் முழு ஆதரவும் அதன்பின் 2 வருஷம் நீண்டகால ஆதரவும் சேர்த்து 5 வருஷம் நிற்கும்.

இதோடு டெபியனில் ஏபிடி-கேச்சர்-என்ஜி இருக்கிறது. எங்கள் அறையில் ஒரு கணினி இறக்கினால் மற்றவை அதனிடமிருந்தே எடுத்துக்கொள்கின்றன, அதே பேக்கேஜை இரண்டாவது தடவை இறக்குவதில்லை. நெட்டே இல்லாத வீட்டுக்கு ஏபிடி-ஆஃப்லைன். என்ன வேண்டும் என்பதை ஒரு ஃபைலில் எழுதி, பெண்டிரைவில் கோத்தகிரி கொண்டுவந்து இறக்கி, திரும்பக் கொண்டுபோய் நிறுவலாம்.

பூட்டு, கடிகாரம்

'குட் நாட் கெட் லாக்' என்று டெபியன் சொன்னால் காத்திருங்கள். பின்னால் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். பூட்டு ஃபைலை (ஒரே நேரத்தில் இரண்டு அப்டேட் ஓடாமல் தடுப்பது) அழிக்கவே அழிக்காதீர்கள். அங்கே பூட்டு அந்த நிரலோடு சேர்ந்தது, நிரல் செத்தால் பூட்டும் தானாகப் போய்விடும். ஆர்ச்சில் நேர்மாறு. கரண்ட் போன பிறகும் 'டிபி.எல்சிகே' என்ற பூட்டு ஃபைல் அப்படியே கிடக்கும். வேறு பேக்மேன் ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டு கையால் அழிக்க வேண்டும். ஆர்ச்சுக்குச் சொன்ன யோசனையை டெபியனில் செய்து, ஒரே நேரத்தில் இரண்டு அப்டேட்டை ஓடவிட்டுக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

கடிகாரம் மூவருக்கும் பொது. பழைய லேப்டாப்களில் உள்ளிருக்கும் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். நெட் வந்து நேரம் சரியாவதற்குள் அப்டேட் கொடுத்தால், டெபியன் 'ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் எட்' என்று நேராகச் சொல்லும். ஆர்ச் கையெழுத்துப் பிழை என்றும் ஃபெடோரா சான்றிதழ்ப் பிழை என்றும் சுற்றி வளைக்கும். எந்தப் பிழை வந்தாலும் முதலில் தேதியைப் பாருங்கள்.

இப்போது அறையில் இருக்கும் ஒன்பது லேப்டாப்களில் ஏழு டெபியன் 13. நல்ல பேட்டரி உள்ள ஒன்றில் மட்டும் சில்வர்ப்ளூ. அதை மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கு எடுத்துப்போய் அப்டேட் செய்துகொண்டு வருகிறேன். ஒன்பதாவதை வைத்திருக்கும் பையன் ஆர்ச்சை விடமாட்டேன் என்று உறுதியாக இருக்கிறான், நானும் தடுக்கவில்லை. அதில் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு உள்ள) கர்னல் ஒன்றைக் கூடுதலாகப் போட்டு, அப்டேட்டுக்கு முன் ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் அப்போதைய நிலையின் பதிவு) எடுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். லைவ் யுஎஸ்பி அவன் ஜியாமெட்ரி பாக்ஸிலேயே இருக்கிறது.