கடோலினியமா, இரும்புத் துகளா? டயாலிசிஸ் செய்பவருக்கு எம்ஆர்ஐ ஊசி

பெரியம்மாவுக்குக் கல்லீரலில் ஏதோ கட்டி தெரிகிறது, ஊசி போட்டு எம்ஆர்ஐ எடுத்தால்தான் புரியும் என்றார்கள். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்பவர் அவர். எந்த ஊசி என்று தேடிப் படிக்க அதுதான் காரணம்.

வழக்கமாகப் போடுவது கடோலினியம் என்ற உலோகம் உள்ள மருந்து. இணை சேராத எலக்ட்ரான்கள் 7 இருப்பதால் அருகிலுள்ள நீரின் புரோட்டான்களைத் தூண்டி, அது சேரும் இடத்தைப் படத்தில் வெள்ளையாக்கிவிடும். தனியாக விட்டால் நஞ்சு. அதனால் ஒரு மூலக்கூறுக்குள் பூட்டித்தான் கொடுப்பார்கள், அந்தப் பூட்டு எப்படிப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீள்சங்கிலி வகை பிடி தளர்ந்து உலோகத்தை விட்டுவிடலாம், வளைய வகை அவ்வளவு சீக்கிரம் விடாது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மருந்து வெளியேறாமல் தங்கித் தோலும் மூட்டும் இறுகிப்போகும் நோய்க்கும் கடோலினியத்துக்கும் உள்ள தொடர்பு 2006இல் தெரியவந்தது. ஐரோப்பா 2017இல் பல நீள்சங்கிலி மருந்துகளை நிறுத்தியது.

ஊசியாகப் போடும் இன்னொரு மருந்தான இரும்பு ஆக்சைடு நானோ துகள் வேறு வழியில் வேலை செய்கிறது. கல்லீரலில் உள்ள குப்ஃபர் செல்கள் துகளை விழுங்குவதால் நல்ல கல்லீரல் படத்தில் கறுத்துவிடும், அந்தச் செல்கள் இல்லாத புற்றுக்கட்டி வெளிச்சமாகவே நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இதற்குச் சிறுநீரகத்தின் தயவு வேண்டாம், உடல் அந்த இரும்பை எடுத்து ரத்தத்துக்கே சேர்த்துக்கொள்ளும். பெரியம்மா போன்றவர்களுக்குக் கொள்கையளவில் இதுதான் பொருத்தம் என்பேன்.

சரி, கிடைக்கிறதா? 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெரிடெக்ஸ் என்ற இரும்புத் துகள் மருந்து பிறகு சந்தையை விட்டே போய்விட்டது. ஃபெருமாக்சிடால் என்ற இன்னொரு இரும்புத் துகள் மருந்து 2009இல் அனுமதி பெற்றது, ஆனால் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக. டாக்டர்கள் அதை ஸ்கேனுக்கும் பயன்படுத்திப் பார்த்தார்கள், ரத்தத்தில் பல மணி நேரம் தங்குவதால் ரத்தக்குழாய்ப் படம் நன்றாக வரும். உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம் என்று 2015இல் கடும் எச்சரிக்கை வந்தது, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அப்புறம், அடுத்த சில மாதங்களில் எடுக்கும் எம்ஆர்ஐ படங்களையும் அது மாற்றிக் காட்டலாம்.

மாங்கனீசு துகள்களும் ஆய்வில் உள்ளன. மாங்கனீசு அதிகமானால் மூளையைப் பாதிக்கும், இப்போதைக்கு அது பெரியம்மாவுக்கானது அல்ல.

"எது போட்டாலும் அன்னிக்கே டயாலிசிஸ் வச்சிரலாமாப்பா?" என்று அவரே கேட்டார். பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போய் வளைய வகை கடோலினியம் போட்டு ஸ்கேன் எடுத்தோம், மாலைக்குள் டயாலிசிஸ் முடிந்தது.